மதூரோ கசக்கிறதா, அணைகிறதா, ஒருபக்கமாக எரிகிறதா? மதிப்பெண் போடும் முன் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

நல்ல மதூரோ சுருட்டு கருப்பட்டியும் கொக்கோவும் காய்ந்த அத்திப்பழமும் கலந்தாற்போல இறங்க வேண்டும். கையில் இருப்பது அப்படி இறங்கவில்லை என்றால் உடனே நோட்டை எடுத்துக் குறைந்த மதிப்பெண் எழுதிவிடாதீர்கள். சிறு பட்டறைகளில் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டப்படும் மதூரோக்களைப் பல வருடங்களாக ருசி பார்த்து எழுதி வைக்கிறேன். ஆரம்ப வருடங்களில் சுருட்டின் குறை என்று நான் எழுதியவற்றைத் திரும்பிப் பார்த்தால், அவற்றில் பெரும்பகுதி நான் வைத்திருந்த பெட்டியின் குறை, வெட்டிய கையின் குறை, அன்று சாப்பிட்டிருந்த நாக்கின் குறை. உருட்டியவர் மேல் பழி போடும் முன் இந்த மூன்றையும் கழித்துவிட வேண்டும். அதற்காகத்தான் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

முதலில் இலையைப் பற்றிக் கொஞ்சம். மதூரோ என்றால் ஸ்பானிஷ் மொழியில் பழுத்தது என்று பொருள். அது ஒரு நாட்டின் பெயரோ செடியின் பெயரோ அல்ல, பக்குவத்தின் பெயர். புகையிலையைப் பிலோன் என்னும் பெரும் குவியலாக அடுக்கி, உள்ளே சூடேறவிட்டு, பிரித்து அடுக்கி, மறுபடி சூடேறவிடுவார்கள். மதூரோவுக்கு இந்த நொதித்தல் மற்ற இலைகளைவிட அதிக நாள், அதிக சூட்டில் நடக்கும். மெல்லிய இலை அதைத் தாங்காமல் கிழிந்துபோகும். அதனால் தடித்த இலையைத்தான் எடுப்பார்கள்: அமெரிக்காவின் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வெயிலில் வளர்ந்து, இலை இலையாகக் கிள்ளாமல் தண்டோடு வெட்டி உலர்த்தப்படும் பிராட்லீஃப், மெக்சிகோவின் வெராக்ரூஸ் மாநிலத்தில் விளையும் சான் ஆந்த்ரேஸ், பிரேசிலின் மாட்டா ஃபினா.

தடித்த இலை, எண்ணெய்ப் பிசுக்கான இலை, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இலை. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை: உப்புச் சோதனை

உங்கள் ஹ்யூமிடரில், அதாவது சுருட்டை ஈரம் காத்து வைக்கும் பெட்டியில், இருக்கும் ஈரப்பதமானியை நம்பாதீர்கள், சோதித்துவிட்டு நம்புங்கள். ஒரு பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்கு வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்து தண்ணீராகிவிடக் கூடாது. மூடியையும் ஈரப்பதமானியையும் காற்றுப் புகாத டப்பாவுக்குள் வைத்து ஒரு நாள் விட்டுவிடுங்கள். ஈர உப்பைச் சுற்றியுள்ள காற்று 75 சதவீதத்தில் வந்து நிற்கும். உங்கள் கருவி 68 காட்டினால் அது 7 குறைத்துக் காட்டுகிறது என்று அர்த்தம்.

இதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். ஒருமுறை பிராட்லீஃபை மேலிலையாக, அதாவது வெளியே சுற்றும் இலையாகக் கொண்ட சுருட்டு ஒரு பெட்டி வாங்கினேன். மூன்று பிடித்தேன். மூன்றும் கசந்தன, மூன்றும் பாதியில் அணைந்தன. கருவி 65 என்று காட்டியது, அதனால் சேமிப்பின் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. 'தயாரிப்பு சரியில்லை' என்று எழுதிவிட்டு மீதியை நண்பர் ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து அவர் வீட்டில் ஒன்றை நீட்டினார். பற்றவைத்துப் பத்து நிமிடத்தில் கொக்கோ, அப்புறம் வறுத்த காபிக்கொட்டை, நடுவில் ஒரு பேரீச்சை இனிப்பு. எந்தச் சுருட்டு என்று கேட்டேன். "நீங்க வேண்டாம்னு கொடுத்த அதே பெட்டிதாங்க" என்றார். வீட்டுக்கு வந்து உப்புச் சோதனை செய்தேன். என் கருவி 8 குறைத்துக் காட்டிக்கொண்டிருந்தது. 65 என்று நினைத்து அந்த இலையை 73-ல் ஊறவிட்டிருக்கிறேன். உருட்டிய கைகள் எந்தத் தப்பும் செய்யவில்லை. அந்தப் பக்கத்தை நோட்டிலிருந்து இன்னும் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

பொதுவாகச் சுருட்டுக்கு 65 முதல் 70 சதவீத ஈரமும் 18 முதல் 21 டிகிரி வெப்பமும் சொல்வார்கள். மதூரோவுக்கு நான் 62 முதல் 65-க்குள் வைக்கிறேன். தடித்த இலைக்கு அதுதான் ஒத்துவருகிறது.

மேலிலையில் வெள்ளைப் பூச்சு

பஞ்சு போல உயர்ந்து நின்றால், பச்சையோ நீலமோ கலந்திருந்தால், பற்றவைக்கும் முனையின் உள்ளிலைகளிலும் தெரிந்தால், அது பூஞ்சை. அந்தச் சுருட்டைத் தூக்கிப் போடுங்கள், பக்கத்தில் இருந்தவற்றையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். இது பூஞ்சையல்ல, எண்ணெய் மேலே வந்து படிகமாகப் படிந்தது, நல்ல முதிர்ச்சியின் அடையாளம் என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. சந்தேகம் வந்தால் நான் பூஞ்சை என்றே எடுத்துக்கொள்கிறேன். கறுத்த இலையில் வெள்ளை நன்றாகத் தெரியும் என்பது மட்டும் நமக்கு ஒரு வசதி.

குண்டூசித் துளை

புகையிலை வண்டு. வெப்பம் ஏறினால் முட்டை பொரித்து, புழு உள்ளிருந்து குடைந்து வெளியே வரும். சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் போன்ற ஊர்களில் அறை வெப்பத்தில் பெட்டியை வைத்திருப்பவர்களுக்கு இது எப்போதும் இருக்கும் ஆபத்து. துளை விழுந்ததைக் கழித்துவிட்டு, மீதியை இறுக்கமான பையில் போட்டு ஒரு நாள் ஃபிரிட்ஜ், மூன்று நாள் ஃபிரீசர், மறுபடி ஒரு நாள் ஃபிரிட்ஜ், அப்புறம் வெளியே. நேராக ஃபிரீசரிலிருந்து வெளியே எடுத்தால் மேலிலை வெடிக்கும்.

விரலிலும் உதட்டிலும் கறை

சாயம் பூசிவிட்டார்கள் என்று பலர் பதறுகிறார்கள். நன்றாக நொதித்த இலையின் நிறம் எச்சில் பட்டால் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். உதட்டில் லேசான பழுப்பு பட்டால் கவலை வேண்டாம். உலர்ந்த விரலில் கறுப்பாக ஒட்டினால், நரம்புக்கும் இலைக்கும் வித்தியாசமே இல்லாமல் எல்லா இடமும் ஒரே மை நிறமாக இருந்தால், அப்போது சந்தேகப்படலாம். அவசரத்துக்கு இலையை ஆவியில் வேகவைத்தும் நிறமேற்றியும் கறுப்பாக்கும் வழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. அப்படிப்பட்ட இலையில் நிறம் இருக்கும், பக்குவம் இருக்காது. வாயில் வைத்தால் தட்டையாக இருக்கும். நேர்மையான மதூரோவின் நிறம் ஆங்காங்கே ஏறி இறங்கித்தான் இருக்கும். அந்தத் திட்டுகளைக் குறையாக எழுதாதீர்கள்.

இழுப்பு வரவில்லை

பற்றவைப்பதற்கு முன்பே தலைப்பகுதியை வெட்டிவிட்டு ஒரு வெற்று இழுப்பு இழுத்துப் பாருங்கள். கன்னம் குழிந்தால் கோளாறு இருக்கிறது.

வெட்டு சிறியதா என்று முதலில் பாருங்கள். தொப்பியில், அதாவது தலைமுனையை மூடியிருக்கும் சிறு இலைத்துண்டில், இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு நேர்வெட்டு போதும். சிறு துளை மட்டும் போடும் பஞ்ச் வெட்டியை மதூரோவுக்கு நான் பயன்படுத்துவதில்லை. அந்தச் சிறு வாயில் எண்ணெயும் தாரும் சீக்கிரம் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். வெட்டு சரி என்றால் இரண்டு விரலால் சுருட்டை முழு நீளத்துக்கும் மெதுவாக அழுத்திப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் கட்டி தட்டுப்பட்டால் அது உருட்டியபோது விழுந்த முடிச்சு. நீண்ட மெல்லிய ஊசிக் கருவியால் அதைக் குத்தித் தளர்த்தலாம். முழுவதும் ஒரே மாதிரி விறைப்பாக, கொஞ்சம் உப்பியது போல இருந்தால் ஈரம்.

ஈரத்தைக் குறைக்க ஒரு வழக்கமான யோசனை உண்டு: பிடிப்பதற்கு ஒரு நாள் முன்னால் சுருட்டை வெளியே எடுத்து ஒரு வெறும் பெட்டியில் போட்டு வையுங்கள் என்பார்கள். வறண்ட ஊர்க்காரர்களின் யோசனை அது. நம் கடற்கரை ஊர்களில் வெளிக்காற்றே பல நாட்களில் ஹ்யூமிடரைவிட ஈரமானது. அங்கே வெளியே வைத்தால் சுருட்டு இன்னும் ஊறும். அதற்குப் பதிலாக, காற்றுப் புகாத சிறு டப்பாவில் ஈரத்தை 62 சதவீதத்தில் நிறுத்தும் பை ஒன்றோடு மூன்று நான்கு நாள் வையுங்கள். அப்படியும் இழுப்பு வரவில்லை என்றால் தாராளமாக மதிப்பெண் குறைக்கலாம். நல்ல பட்டறைகளில் மேலிலை சுற்றுவதற்கு முன்பே இழுப்பை இயந்திரத்தில் அளந்து பார்க்கிறார்கள். அதைத் தாண்டி முடிச்சோடு வந்தால் அது அவர்களுடைய பொறுப்பு.

ஒருபக்கமாக எரிகிறது

மதூரோவைப் பற்றி அதிகம் வரும் புகார் இது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

தடித்த மேலிலை மெதுவாகத் தீப்பிடிக்கும், உள்ளிலை சீக்கிரம் பிடிக்கும். அவசரமாகப் பற்றவைத்தால் உள்ளே எரியும், ஓரத்தில் ஒரு பகுதி எரியாமல் நிற்கும். அந்த முதல் நிமிடக் கோணல் கடைசி வரை கூடவே வரும். அதனால் சுடரை முனையில் தொடவிடாமல் சற்றுத் தள்ளிப் பிடித்து, சுருட்டைச் சுழற்றிச் சுழற்றி ஓரம் முழுவதும் சாம்பல் பூக்கும்வரை வாட்டுங்கள். அதற்குப் பிறகுதான் முதல் இழுப்பு. மெல்லிய மேலிலைக்கு ஆகும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஆகும், ஆகட்டும். வாடையில்லாத பியூட்டேன் லைட்டர் வேண்டும். தீக்குச்சி என்றால் மருந்து முழுவதும் எரிந்த பிறகு கிட்டே கொண்டுபோங்கள்.

அப்படியும் கோணினால் எந்தப் பக்கம் பின்தங்குகிறது என்று பேண்டை, அதாவது சுருட்டைச் சுற்றியிருக்கும் காகிதப் பட்டையை, அடையாளமாக வைத்துக் கவனியுங்கள். லைட்டரால் ஒருமுறை சரிசெய்யுங்கள். அடுத்த கோணல் வேறு பக்கம் வந்தால் காற்று, ஈரம், பற்றவைத்த விதம் ஆகியவற்றில் ஒன்று காரணம். சரிசெய்யச் செய்ய அதே பக்கம் திரும்பத் திரும்பப் பின்தங்கினால் காரணம் உள்ளே இருக்கிறது. செடியின் உச்சியில் விளையும் லிகேரோ இலை தடித்தது, காரமானது, மெதுவாக எரிவது. அதை உருட்டுபவர் நட்டநடுவில் வைக்க வேண்டும். ஒரு ஓரமாக ஒதுங்கிவிட்டால் அந்த ஓரம் கடைசி வரை பின்தங்கும். இதுதான் உருட்டியதில் நேர்ந்த உண்மையான பிழை.

மதிப்பெண் விஷயத்தில் என் கணக்கு இது. பிராட்லீஃபுக்கு ஒருமுறை லைட்டர் தொட்டால் குறைக்க மாட்டேன், அந்த இலையின் சுபாவம் அது. மூன்று முறை ஒரே பக்கத்தைத் தொட வேண்டி வந்தால் குறைப்பேன். லிகா பிரிவாடா நம்பர் 9 போன்ற சுருட்டில் மேலிலை கனெக்டிகட் பிராட்லீஃப், அதற்குள் உள்ளிலைகளைச் சேர்த்துக் கட்டும் இலை (கட்டு இலை) பிரேசிலின் மாட்டா ஃபினா. வெளியே இருக்கும் இரண்டு அடுக்கும் தடித்தவை. அதை, நிழலில் வளர்க்கப்படும் பட்டுப்போன்ற மெல்லிய கனெக்டிகட் ஷேடு இலை எரியும் நேர்த்தியோடு ஒப்பிட்டு எரிதலுக்கு மதிப்பெண் போடுவது நியாயமில்லை.

உள்ளே சுரங்கம் போல எரிந்து மேலிலை கூடாக நின்றால், ரொம்ப மெதுவாக இழுக்கிறீர்கள் அல்லது மேலிலை ஈரமாக இருக்கிறது. நிமிடத்துக்கு ஒரு இழுப்பு என்பது நல்ல அளவு.

அடிக்கடி அணைகிறது

மேலே சொன்ன ஈரம்தான் பெரும்பாலும் காரணம். மறுபடி பற்றவைப்பதற்கு முன் சாம்பலைத் தட்டிவிட்டு, சுருட்டுக்குள் மெதுவாக ஒருமுறை வெளிப்பக்கமாக ஊதி, தேங்கிய பழைய புகையை வெளியேற்றுங்கள். அதைச் செய்யாமல் இழுத்தால் முதல் வாய் சாம்பல் கசப்புதான். ஒரு மணி நேரத்துக்கு மேல் அணைந்து கிடந்ததை வைத்து ருசிக்குறிப்பு எழுதாதீர்கள்.

தொண்டை கமறுகிறது, மூக்கில் நெடி ஏறுகிறது

இந்தக் கமறலைக் கசப்போடு குழப்பிக்கொள்ளக் கூடாது. தலைமுடிக்குப் பூசும் சாயத்தின் நெடி போல மூக்கைக் குத்தினால் அது அம்மோனியா. நொதித்தலின்போது இலையிலிருந்து வெளியேற வேண்டியது, முழுவதும் வெளியேறவில்லை. சுருட்டு இளசு. பற்றவைப்பதற்கு முன்பே முனையை மோந்து பார்த்தால் தெரிந்துவிடும். இதற்குக் காத்திருப்பதைத் தவிர மருந்து இல்லை. ஆறு மாதம் கழித்து ஒன்றை எடுத்துப் பாருங்கள். நெடி போயிருந்தால் சுருட்டுக்கு ஒரு குறையும் இல்லை, அவசரமாக விற்றதுதான் குறை. சிறு தயாரிப்பாளர்களிடம் சரக்கைத் தேக்கி வைக்கப் பணம் இருப்பதில்லை, இளசாகவே கடைக்கு வந்துவிடும். அதைக் குறிப்பில் எழுதுங்கள், வாங்குபவர் காத்திருக்கத் தெரிந்துகொள்வார்.

தபாலில் வந்து இறங்கியவற்றையும் அன்றே பற்றவைக்காதீர்கள். இரண்டு வாரமாவது ஓய்வு கொடுங்கள்.

கசப்பு

எப்போது கசக்கிறது என்பதை வைத்துத்தான் காரணத்தைப் பிடிக்க முடியும்.

முதல் இழுப்பிலேயே கசந்தால் பற்றவைத்ததில் கருக்கிவிட்டீர்கள். அரை அங்குலம் எரியட்டும், தானாகப் போய்விடும். அதற்குப் பிறகுதான் எழுதத் தொடங்குங்கள்.

நடுவில் கசக்க ஆரம்பித்தால் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். மதூரோ இலையில் இருக்கும் சர்க்கரைதான் அந்த இனிப்பு வாசனைக்கு ஆதாரம் என்பார்கள். வாணலியில் வெல்லப்பாகு காய்ச்சியவர்களுக்குத் தெரியும், அடுப்பைக் கொஞ்சம் கூட்டினால் பாகு கருகிக் கசக்கும். இங்கேயும் அதேதான். இரண்டு நிமிடம் கீழே வைத்துவிட்டு மெல்ல இழுத்துப் பாருங்கள். இனிப்பு திரும்பினால் குற்றம் உங்கள் வேகத்தில்.

கடைசி மூன்றில் ஒரு பகுதியில் கசந்து, வாய் வைக்கும் இடத்தில் கறுப்பாகப் பிசின் கசிந்தால் அது தார். ஒரு துணியால் துடைத்து, இரண்டு மில்லிமீட்டர் மறுபடி வெட்டி, உள்ளே இருப்பதை ஊதி வெளியேற்றுங்கள். அதிலும் சரியாகவில்லையா, அங்கேயே நிறுத்திவிடுங்கள். விரல் சுடும்வரை பிடித்தால்தான் முழுதாக மதிப்பிட்டதாக ஆகும் என்பதில்லை.

தொடக்கம் முதல் முடிவு வரை, வேகம் குறைத்தும், ஈரம் சரியாக இருந்தும், இரண்டு மூன்று சுருட்டிலும் ஒரே மாதிரி கசந்தால் அப்போதுதான் இலையின் கசப்பு. அதை எழுதத் தயங்க வேண்டாம்.

ஒரு ருசியும் தெரியவில்லை

என்ன சாப்பிட்டீர்கள்? பூண்டு மிளகு ரசம் சாப்பிட்டுவிட்டு வந்து இந்தச் சுருட்டில் மிளகு தெரிகிறதா என்று தேடினால் ரசத்தின் மிளகுதான் தெரியும். பால் சேர்த்த காபி நாக்கில் ஒரு படலம் விடும். அன்றைய முதல் சுருட்டாக, வெறும் தண்ணீரோடு பிடியுங்கள்.

அப்புறம், மூக்கு. நாக்கு இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு போன்ற சிலவற்றைத்தான் சொல்லும். கொக்கோவும் அத்தியும் மண்வாசனையும் மூக்கின் வேலை. புகையை நுரையீரலுக்கு இழுக்காமல் வாயில் வைத்திருந்து, பெரும்பகுதியை வாய்வழியாக விட்டுவிட்டு, மீதியில் கொஞ்சத்தை மட்டும் மூக்கு வழியாக விடுங்கள். முழு வாய்ப் புகையையும் விட்டால் கண்ணீர்தான் வரும். நான் ருசி என்று இன்று எழுதுவதில் முக்கால் பங்கு இந்தப் பழக்கம் வந்த பிறகு கிடைத்தது.

மதூரோ மேலிலை எதைச் சேர்க்கிறது என்றே பிடிபடவில்லையா? ஒரே கலவையை இரண்டு மேலிலையில் பிடித்துப் பாருங்கள். பத்ரோன் நிறுவனம் தன் முப்பதாம் ஆண்டுக்காக 1994-ல் கொண்டுவந்த 1964 ஆனிவர்சரி வரிசை, நேச்சுரல், மதூரோ என இரண்டு விதமாகவும் கிடைக்கிறது. பத்ரோன் சிறு பட்டறை அல்ல, ஆனால் இந்தப் பாடத்துக்கு அதைவிட நல்ல ஜோடி எனக்குத் தெரியாது. ஒரு வாரத்தில் ஒன்று, அடுத்த வாரத்தில் மற்றது.

தலை கிறுகிறுக்கிறது

நிகோடின். கறுப்பாக இருப்பதெல்லாம் காரம் என்ற நம்பிக்கை தவறு. நிறம் மேலிலையில் இருக்கிறது, வீரியம் பெரும்பாலும் உள்ளே இருக்கும் லிகேரோவில் இருக்கிறது. மென்மையான மதூரோவும் உண்டு, முரட்டுத்தனமான வெளிர்நிறச் சுருட்டும் உண்டு. கிறுகிறுத்தால் உடனே கீழே வையுங்கள், காற்றோட்டத்தில் உட்காருங்கள், சர்க்கரை போட்ட எதையாவது குடியுங்கள். வெறும் வயிற்றில் ஒருபோதும் பிடிக்காதீர்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: உள்ளிழுக்கவில்லை என்பதால் சுருட்டு பாதுகாப்பானது ஆகிவிடாது. வாய்ப் புற்றுநோயும் தொண்டைப் புற்றுநோயும் சுருட்டாலும் வரும். நான் எண்ணிக்கையைக் குறைவாக வைத்திருப்பதற்கு அதுதான் காரணம், ருசி பார்ப்பதற்கும் குறைவுதான் நல்லது.

மேலிலை வெடிக்கிறது, பிரிகிறது

தொப்பியின் கோட்டுக்குக் கீழே வெட்டிவிட்டால் பிரியும். ஈரமான பெட்டியிலிருந்து எடுத்து நேராகக் குளிர்பதன அறையில் பற்றவைத்தால் உள்ளே உப்பி வெளியே வெடிக்கும். பெக்டின் பசை ஒரு துளி வைத்து ஒட்டலாம். மதூரோவில் இது அரிது.

போன வருடப் பெட்டி அருமை, இந்த வருடப் பெட்டி வேறு மாதிரி

சிறு பட்டறைச் சுருட்டில் மட்டும் இந்த அளவுக்கு வரும் சிக்கல் இது. பெரிய நிறுவனம் பல வருட இலையைக் கிடங்கில் வைத்துக் கலந்து ஒரே ருசியைக் காப்பாற்றும். சிறியவர் சில மூட்டை இலை வாங்குவார், அது தீர்ந்தால் அடுத்த அறுவடை மூட்டை. மழையும் வெயிலும் மாறியிருக்கும், ருசியும் மாறும். இது ஏமாற்று அல்ல. ஆனால் உங்கள் பழைய மதிப்பெண்ணைப் புதிய பெட்டிக்கு ஒட்டவும் முடியாது. பெட்டியின் அடியில் தேதியோ குறியீடோ இருந்தால் குறிப்பில் எழுதி வையுங்கள்.

சரி, மேலே உள்ள எல்லாவற்றையும் கழித்தாயிற்று, இப்போது மதிப்பெண் போடலாமா? ஒரு சுருட்டை வைத்துப் போடாதீர்கள். ஒரே பெட்டியிலிருந்து மூன்று, இரண்டு வார இடைவெளியில், முடிந்தால் வேறொருவரிடம் கொடுத்து பேண்டைக் கழற்றி நீட்டச் சொல்லுங்கள். எரிதல், இழுப்பு, ருசி மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். மூன்று சுருட்டில் ஒன்று மட்டும் கெட்டுப்போயிருந்தால் நான்காவதை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் கெட்டுப்போனதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். பக்கத்தின் தலைப்பில் அன்றைய ஈரப்பதம், கருவியின் பிழையைக் கழித்த எண்.